எடை குறைக்க மளிகைக் கடையே போதும்

எடை குறைக்க வேண்டும் என்ற எண்ணம் வந்ததும் நம் இளையோர் பலர் தேடிப் போவது உறையில் வரும் காப்பியையும் டப்பாவில் வரும் மாவையும்தான். விற்பவர் பெரும்பாலும் நண்பரின் நண்பர். பி.டி.பி.டி.என். கடன் பணத்தில் ஒரு பங்கு இதிலேயே கரைகிறது. பணம் போனாலும் பரவாயில்லை, உடம்பு கெட்டால் என்ன செய்வது? மெலிய வைக்கும் பொருள்கள் சிலவற்றில் சிபுத்ராமின் என்ற மருந்து மறைத்துக் கலக்கப்பட்டிருப்பதாகச் சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்துள்ளது. மாரடைப்பு, பக்கவாத அபாயத்தால் 2010இல் அமெரிக்காவும் ஐரோப்பாவும் சந்தையிலிருந்து விலக்கிய மருந்து அது.

கவலைப்பட நமக்குக் காரணம் இருக்கிறது என்பதை மறுக்க முடியாது. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி இந்நாட்டில் பெரியவர்களில் ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்கு நீரிழிவு. இந்தியர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் அது 31.4 விழுக்காடு. நம் தாத்தா பாட்டி காலையில் நூற்றுக்கணக்கான ரப்பர் மரங்களைச் சீவி, பால் வாளியைத் தூக்கி நடந்தவர்கள். அந்த உழைப்புக்கு ஒரு தட்டு நிறையச் சோறு தேவைப்பட்டது. மலாக்காவின் தோட்டங்கள் பல இன்று தாமான்களாகிவிட்டன. நாம் கைப்பேசியோடு உட்கார்ந்திருக்கிறோம். சோற்றின் அளவு மட்டும் குறையவில்லை.

செங்கில் எந்த மளிகைக் கடைக்குள் நுழைந்தாலும் தேவையானது கண்ணெதிரே இருக்கிறது. முட்டை, பருப்பு, கொண்டைக்கடலை, தௌஹு, தெம்பே, தவ்கே, கங்கோங், ஓட்ஸ், டின் சாடின். ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம் புரதம் உண்டு, கலோரி 70தான். இரண்டு முட்டையோடு பசியாறிவிட்டுப் போனால் பத்து மணிக்குக் கேண்டீன் கறிபாப் அவ்வளவாக இழுக்காது. விடுதியில் ஒரு ரைஸ் குக்கர் போதும்: ஒரு கைப்பிடி பருப்பு, கொஞ்சம் கீரை, இரண்டு பல் பூண்டு. மாகி சமைப்பதைவிடக் கொஞ்ச நேரம் கூடுதலாகும், அவ்வளவுதான். சாடினில் உப்பு அதிகம் என்பதால் தினமும் வேண்டாம். முருங்கைக்கீரைக்குக் கடைக்கும் போக வேண்டாம், பக்கத்து வீட்டு வேலியில் கேட்டால் கிடைக்கும்!

அமைச்சு சொல்லும் 'சுக்கு சுக்கு செப்பாரோ' முறையும் எளிதுதான். தட்டில் பாதி காய்கறி, பழம். கால் பங்கு சோறு. கால் பங்கு மீன், கோழி அல்லது பருப்பு. அம்மா சமைத்த அதே குழம்புதான், பங்கு மட்டும் மாறுகிறது. உருளைக்கிழங்கு பிரட்டலைக் காய்கறிக் கணக்கில் சேர்ப்பது நம் வீடுகளின் பழைய தந்திரம். அது சோற்றின் பங்கைச் சேர்ந்தது.

என்னைக் கேட்டால், முதலில் கைவைக்க வேண்டியது பானத்தில்தான். 100 மில்லிலிட்டரில் 10 கிராம் சீனி என்று டின்னில் அச்சிட்டிருந்தால், 320 மில்லிலிட்டர் டின்னில் 32 கிராம் சீனி, அதாவது ஆறு தேக்கரண்டிக்கும் மேல். 2019 ஜூலையில் அரசாங்கம் இனிப்புப் பானங்களுக்கு வரி விதித்தது. ஆனால் கடையில் கலக்கும் தே தாரேக்கில் எவ்வளவு டின் பால் ஊற்றுகிறார்கள் என்று எந்த லேபலும் சொல்லாது. 'தே ஓ கோசோங்' என்று கேட்கப் பழக ஒரு வாரம் கஷ்டமாக இருக்கும், பிறகு நாக்கு ஒத்துக்கொள்ளும்.

யாருக்கு எடை குறைய வேண்டும் என்பதையும் முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பெரியவர்களுக்கு உடல் எடைக் குறியீடு 23ஐத் தாண்டினால் ஆசியர்களுக்கு அபாயம் கூடத் தொடங்குகிறது. வளரும் வயதில் உள்ள இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. அவர்கள் சாப்பாட்டை விட்டுப் பட்டினி கிடப்பதற்கு முன், அப்பா அம்மாவோடு அரசாங்க கிளினிக்குக்குப் போய் உயரமும் எடையும் பார்த்துவிட்டு வரட்டும்.