பெயர் எழுதும் கட்டம்

சென்ற ஆண்டு உதவித்தொகை வேண்டி இணையப் படிவம் ஒன்றை நிரப்பப் புகுந்தேன். முதற்பெயர் என்னும் கட்டத்தில் என் பெயரை இட்டேன். அடுத்து நின்றது குடும்பப்பெயர்க் கட்டம். எங்கள் வீட்டில் குடும்பப்பெயர் என்பதொன்று இல்லை. தந்தையார் பெயரின் முதலெழுத்தே எம் பெயர்க்கு முன்னிற்பது. அவ்வெழுத்தை இட்டேன், ஈரெழுத்தேனும் வேண்டுமென்று படிவம் மறுத்தது. புள்ளி சேர்த்தேன், புள்ளி ஆகாதென்றது. முடிவில் தந்தையார் பெயரை முழுதும் இட்டேன். படிவம் ஏற்றுக்கொண்டது. (இதில் மகிழ்ந்தவர் அவர் ஒருவரே.) பள்ளிச் சான்றிதழோடு பெயர் ஒத்திராமையால் விண்ணப்பம் பின்னர்த் திரும்பி வந்தது.

இது கணிப்பொறியின் குற்றமென்பார் உளர். அன்று. இணையப் பக்கங்களை அமைக்கும் எச்.டி.எம்.எல். மொழியின் உள்ளீட்டுக் கட்டம், 1995ஆம் ஆண்டு வெளிவந்த இரண்டாம் பதிப்பிலேயே உண்டு. எத்தடையும் விதியாவிடின் அஃது எப்பெயரையும் ஏற்கும். 2014இல் நிலைபெற்ற ஐந்தாம் பதிப்பு ‘ரிக்வயர்டு’, ‘பேட்டர்ன்’ முதலிய பண்புகளைத் தந்தது. முன்னது கட்டத்தை வெறுமையாக விடவொட்டாது. பின்னது குறித்த வடிவில் அமையாததை விலக்கும். தேர்வெண்ணுக்கு இவை மிக நல்லன. பெயர்மேல் இவற்றை ஏவுபவர் படிவம் சமைப்பவரே. ஆங்கில எழுத்தன்றிப் பிற ஆகாவென அவர் விதித்தால், புள்ளியும் புகாது, தமிழும் புகாது.

தமிழ் பயில்வார்க்கு இதனினும் வியப்பானது ‘மேக்ஸ்லெங்த்’ என்னும் நீள வரம்பு. உயிர்மெய்யை ஓரெழுத்தென்பது நம் இலக்கணம். உலாவியோ மெய்யை ஒன்றாகவும் உயிர்க்குறியை வேறொன்றாகவும் எண்ணும். மெய்யின் புள்ளிக்கும் தனிக்கணக்கு. ‘கிறிஸ்தோபர்’ நமக்கு ஆறெழுத்து, அதற்குப் பதினொன்று. வரம்பு பத்தாயின் இறுதிப் புள்ளி வீழ்ந்து அன்பர் ‘கிறிஸ்தோபர’ ஆவார். ஆங்கிலப் பெயரை மட்டும் இட்டுச் சோதித்தவர்க்கு இக்குறை தோன்றவே தோன்றாது.

பெயர்க்கு ஒரே கட்டம் போதும் என்பது என் துணிபு. சான்றிதழிலுள்ளவாறு எழுதுக என்று அதன் மேலே ஒரு குறிப்பு நிற்கட்டும். இயன்றவிடத்து முழுப்பெயர்க்கு ஒரு கட்டமே வைக்கலாமென்பதை உலகளாவிய வலைச் சேர்த்தியமும் தன் பரிந்துரையில் கூறியுள்ளது. பெயரை இரண்டாகப் பிளந்தாலன்றி வேலை நடவாதென்னும் அலுவலகங்கள் சிலவே. அவையும் இரண்டாம் கட்டத்தைக் கட்டாயமாக்க வேண்டுவதில்லை. கணினித்துறையில் பயிலும் நம் கல்லூரி நண்பர்கள் நாளை சமைக்கும் படிவங்களில் இதனை நினைவிற் கொள்வாராக.

என் விண்ணப்பமோ, இரண்டாம் முறை காகிதத்தில் எழுதியே அனுப்பப்பட்டது.