வீட்டு விஞ்ஞானம்: நூறு டிகிரியின் நிபந்தனைகள்

"தண்ணீர் எத்தனை டிகிரி உஷ்ணத்தில் கொதிக்கும்?" என்று எந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையைக் கேட்டாலும், "நூறு" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடும். விடை சரியே, ஆயினும் அது பாதி விடை. கடல் மட்டத்தில், காற்றின் அழுத்தம் இயல்பான அளவில் இருக்கும்போது, சுத்தமான நீர் நூறு டிகிரியில் கொதிக்கும் என்பதே முழு விடை. நிபந்தனைகளை விழுங்கிவிட்டு எண்ணை மாத்திரம் நெட்டுருப் போடுவதால் பரீட்சையில் நஷ்டம் ஒன்றுமில்லை. ஆனால் அடுப்பங்கரையிலும் சாலையிலும் நஷ்டம் உண்டு; சில சமயம் கையும் முகமும் வெந்துபோகும் அளவுக்கு உண்டு.

கொதித்தல் என்பது என்ன? எந்தத் திரவத்தின் மேற்பரப்பிலிருந்தும் ஆவி சிறிது சிறிதாக எழுந்துகொண்டேதான் இருக்கிறது. கொடியில் போட்ட ஈர வேஷ்டி உலர்வது அதனால்தான். உஷ்ணம் ஏற ஏற அந்த ஆவியின் அழுத்தமும் வளர்கிறது. மேலேயிருந்து காற்று அமுக்கிக்கொண்டிருக்கிறது. ஆவியின் அழுத்தம் காற்றின் அழுத்தத்துக்குச் சமமானவுடன், திரவத்தின் உள்ளேயே குமிழிகள் தோன்றி மேலே கிளம்புகின்றன. அந்த உஷ்ணமே கொதிநிலை. ஆகவே, அமுக்குகிற கை தளர்ந்தால் கொதிநிலை இறங்கும்; இறுகினால் ஏறும். முதற் காரணம் இதுவே.

எங்கள் வாலாஜாபாத் கடல் மட்டத்துக்கு மேல் நூறு மீட்டர்கூட உயராத சமவெளி. ஆகையால் பாடப் புத்தகத்தின் நூறு டிகிரி இங்கே ஏறக்குறையப் பலிக்கிறது. ஆனால் சுமார் 300 மீட்டர் ஏறினால் ஒரு டிகிரி குறைந்துவிடும். 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகமண்டலத்தில் நீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. கோடை விடுமுறைக்கு அங்கே போய்ச் சொந்தமாகச் சமைக்கிற நம் வீட்டுப் பெண்மணிகள், "பருப்பு வேகவே மாட்டேன் என்கிறதே!" என்று குறைப்படுவதன் மர்மம் இதுதான். பருப்பின் மீது பழியில்லை. அடுப்பை எவ்வளவு பெரிதாக எரித்தாலும் திறந்த பாத்திரத்து நீர் அந்த 93 டிகிரியைத் தாண்டாது. அதிகப்படியான உஷ்ணம் முழுவதும் ஆவியாகப் போய்விடும்.

மலையேறினால் கொதிநிலை இறங்கும் என்றால், கொதிநிலையைக் கொண்டே மலையின் உயரத்தை அளக்கலாம் அல்லவா? அப்படி அளந்தவர்களில் நம் நாட்டுப் பள்ளி ஆசிரியர் ஒருவரும் உண்டு. குமாவூன் மலைப் பகுதியில் மிலம் என்ற கிராமத்தைச் சேர்ந்த நயின் சிங், அந்நியர் நுழையக் கூடாதென்று தடுக்கப்பட்டிருந்த திபெத்துக்குள் 1865ஆம் ஆண்டில் யாத்திரிகர் வேஷத்தில் புகுந்து, 1866இல் லாசா நகரை அடைந்தார். எட்டு வைத்த அடிகளை நூறு மணிகள் கொண்ட ஜபமாலையில் எண்ணிக்கொண்டார். மறைத்துக் கொண்டுபோன வெப்பமானியைக் கொதிக்கிற நீரில் இட்டுப் பார்த்து, இடங்களின் உயரத்தைக் குறித்துக்கொண்டார். லண்டன் ராஜாங்க பூகோள சங்கத்தார் 1877ஆம் ஆண்டில் அவருக்குத் தங்கப் பதக்கம் அளித்தார்கள். ஒரு குவளை வெந்நீர் பூகோளப் படத்தில் இடம் பிடித்த கதை இது.

இனி, கை இறுகும் கதையைப் பார்ப்போம். பிரஷர் குக்கரில் நீராவி வெளியேற வழியில்லாமல் அடைபட்டு, வெளிக்காற்றைப் போல் ஏறக்குறைய இருமடங்கு அழுத்தம் உண்டாகிறது. உள்ளே நீர் சுமார் 120 டிகிரி வரை கொதிக்காமல் பொறுத்திருக்கிறது. இருபது டிகிரி அதிகம் என்பது சிறிய விஷயமன்று. பருப்பு வேகும் நேரம் பாதிக்கும் கீழே போய்விடுகிறது. உதகையில்கூடக் குக்கருக்குள் 115 டிகிரிக்குக் குறையாது.

இதே தத்துவம் வண்டலூர்-வாலாஜாபாத் சாலையில் நாள் முழுதும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் செய்யப்படுகிற கார்களின் ரேடியேட்டரும் ஒருவகைக் குக்கர்தான். அதன் மூடி அழுத்தத்தை அடக்கிவைப்பதால், என்ஜினைக் குளிர்விக்கும் நீர் நூறு டிகிரியைக் கடந்தும் கொதிக்காமல் சுற்றிவருகிறது. நீருடன் கலக்கும் கிளைக்கால் என்னும் திரவமும் கொதிநிலையை உயர்த்துகிறது. என்ஜின் அளவுக்கு மீறிச் சூடேறினால், வண்டியை ஓரங்கட்டி உடனே அந்த மூடியைத் திருகுகிறவர்கள் உண்டு. அவர்கள் திருகுவது மூடியை அல்ல, கொதிநிலையை! அழுத்தம் போன கணமே 110 டிகிரியில் அடங்கியிருந்த நீர் சீறிக் கொதித்து முகத்தில் பாய்கிறது. வண்டி ஓட்டும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இதை இரண்டு முறை படித்துக் காட்டுங்கள். என்ஜினை நிறுத்தி அது நன்றாக ஆறுகிறவரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

அழுத்தத்தைக் குறைப்பதிலும் லாபம் உண்டு. சர்க்கரை ஆலைகளில் கரும்புச் சாற்றுப் பாகைக் காற்று உறிஞ்சப்பட்ட மூடு கலங்களில் காய்ச்சுகிறார்கள். நூறு டிகிரிக்கு வெகு கீழேயே நீர் பிரிந்துவிடுவதால் சர்க்கரை கருகுவதில்லை.

இரண்டாவது காரணம், நீரில் கரைந்திருக்கும் பொருள். உப்போ சர்க்கரையோ கரைந்தால் நீர் ஆவியாகும் வேகம் தணிகிறது, கொதிநிலை உயர்கிறது. ஒரு லிட்டர் நீரில் சுமார் 58 கிராம் உப்பைக் கரைத்தால் ஒரு டிகிரி ஏறும். அவ்வளவு உப்பிட்ட ரசத்தை யாரும் வாயில் வைக்க முடியாது! ஆகவே, உப்புப் போட்டால் கொதிநிலை ஏறிச் சமையல் விரைவில் முடியும் என்பது வெறும் பேச்சு. நாம் போடும் உப்பு கால் டிகிரியைக்கூட உயர்த்துவதில்லை.

சர்க்கரைப் பாகின் கதை வேறு. நீர் சுண்டச் சுண்டச் சர்க்கரையின் பங்கு கூடி, கொதிநிலை 105, 110, 115 என்று ஏறிக்கொண்டே போகிறது. நம் பாட்டிமார் விரலால் தொட்டுக் கம்பிப் பாகு என்றும், தண்ணீரில் விட்டு உருட்டி உருண்டைப் பாகு என்றும் பதம் பார்த்தார்களே, அது வெப்பமானி இல்லாமல் கொதிநிலையை அளந்த சாமர்த்தியம். பாகு தெறித்தால் வெந்நீரைவிடக் கொடுமையாகச் சுடுவதற்கும் இதுவே காரணம். அதன் சூடும் அதிகம். தோலில் ஒட்டிக்கொள்வதும் அதிகம்.

மூன்றாவது காரணம், திரவத்தின் பிறவிக் குணம். மூலக்கூறுகள் ஒன்றையொன்று எவ்வளவு இறுகப் பற்றியிருக்கின்றனவோ, அவ்வளவு உஷ்ணம் அவற்றைப் பிரிக்க வேண்டும். ஈதர் 35 டிகிரியிலேயே கொதிக்கும்; எங்கள் ஊர்ச் சித்திரை வெயிலுக்கு அது தாங்காது. சாராயச் சத்துக்கு 78, பாதரசத்துக்கு 357. அழுகிய முட்டையின் நாற்றத்துக்குக் காரணமான ஹைட்ரஜன் சல்பைடு, நீரை ஒத்த அமைப்பும் அதைவிட அதிக எடையும் உடையது. எனினும் அது பூஜ்யத்துக்கு 60 டிகிரி கீழேயே கொதித்து வாயுவாகிவிடுகிறது. நீரின் மூலக்கூறுகளோ ஹைட்ரஜன் பிணைப்பால் கைகோத்து நிற்கின்றன. அந்தப் பிணைப்பு இல்லையேல் உலகில் ஏரி குளமே இராது. (பாலாற்று மணலில் நீர் ஓடாததற்கு இது காரணமன்று, அதற்கு மனிதரைத்தான் கேட்க வேண்டும்!)

நம் ஜில்லாவுக்கு அண்டையிலுள்ள கல்பாக்கத்தில் இந்த வேற்றுமையின் பயனைக் காணலாம். அங்குள்ள மின் உலைகளில் கனநீரைக் கொதிக்காமல் காக்க மிகுந்த அழுத்தம் வேண்டியிருக்கிறது. 1985ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய சோதனை ஈனுலையிலோ உருகிய சோடியம் ஓடுகிறது. அதன் கொதிநிலை 883 டிகிரியாகையால், கொதிக்காமல் இருக்க அதற்கு அத்தகைய அழுத்தம் வேண்டுவதில்லை.

ஒரு சந்தேகம் எழலாம்: பூரி பொரிக்கும்போது எண்ணெய் "கொதிக்கிறதே", அதன் கொதிநிலை என்ன? அங்கே கொதிப்பது எண்ணெய் அல்ல, மாவிலுள்ள நீர். சமையல் எண்ணெய் கொதிநிலையை எட்டுமுன்பே புகைந்து சிதைந்துவிடும்.

இனி வீட்டுக்கான கணக்கு. ஒரு லிட்டர் நீரை 30 டிகிரியிலிருந்து கொதிக்க வைக்க 70 கிலோகலோரி போதும். அதை முழுதும் ஆவியாக்க மேற்கொண்டு 540 வேண்டும். கொதி வந்த பிறகும் அடுப்பைப் பெரிதாக எரியவிடுகிறவர், சோற்றை வேகவைக்கவில்லை, காசை ஆவியாக்குகிறார். கொதி வந்ததும் தணலைக் குறையுங்கள், மூடி வையுங்கள். குடிநீரைக் காய்ச்சும்போது சமவெளியில் தளதளவென்று ஒரு நிமிஷம் கொதித்தால் போதும். 2,000 மீட்டருக்கு மேற்பட்ட மலையூர்களில் சூடு குறைவாகையால் மூன்று நிமிஷம் கொதிக்கவிடுங்கள். குழந்தைகளுடன் உதகைக்கோ கொடைக்கானலுக்கோ போகிறவர்கள் இதை மறக்கலாகாது.

குழந்தைகளுக்கு ஒரு சிறு பரீட்சை: நன்றாகக் காய்ச்சிக் கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறிய நீரை, ஊசியில்லாத சிரிஞ்சில் காற்றுக் குமிழி இல்லாமல் கால்பங்கு உறிஞ்சுங்கள். நுனியை விரலால் இறுக அடைத்துக்கொண்டு தண்டைப் பின்னால் இழுங்கள். அடுப்பில்லாமல், ஐம்பது டிகிரியில், உங்கள் கையிலேயே நீர் கொதிப்பதைக் காண்பீர்கள். அதன் பிறகு, "தண்ணீர் எத்தனை டிகிரியில் கொதிக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள். "எங்கே? எந்த அழுத்தத்தில்?" என்று குழந்தை திருப்பிக் கேட்டால், அந்தப் பிள்ளைக்கு விஞ்ஞானம் வந்துவிட்டது என்று கொள்ளலாம்.