கம்பெனி மாறுறீங்களா? பேரோல் அண்ணா நம்பர் இருக்கா?

ஒவ்வொரு ஜூலையும் எனக்கு ஒரே மாதிரி போன் வரும். "சார், நடுவுல கம்பெனி மாறினேன். பழைய கம்பெனி ஃபார்ம் 16 இன்னும் வரலை. அங்க இப்போ யாரையும் தெரியாது." மூணு வருஷம் தினமும் போயிட்டு வந்த ஆபீஸ்ல யாரையும் தெரியாதாம்!

நெட்வொர்க்னு சொன்னா நமக்கு லிங்க்ட்இன்தான் ஞாபகம் வருது. என்னைக் கேட்டா, அதுல 500 பேரைச் சேர்க்கிறதை விட, விட்டுட்டு வர்ற ஆபீஸ்ல அஞ்சு பேரோட தொடர்பு அறுந்து போகாம இருந்தா போதும். அந்த அஞ்சு பேர்ல ஒருத்தர் பேரோல் பார்க்கிறவரா இருக்கணும்.

ஏன்னு ஒரு கணக்கு போட்டுக் காட்டறேன். 2025-26 நிதியாண்டு, புதிய வரி முறை. ஏப்ரல்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் பழைய கம்பெனியில 6 லட்சம் வாங்கினீங்க. அக்டோபர்ல மாறி, மார்ச் வரைக்கும் புது கம்பெனியில 7.5 லட்சம். பழைய இடத்துல உங்க வருஷச் சம்பளம் 12 லட்சம்னு கணக்குப் போட்டு வரி பிடிக்கலை. புது இடத்துக்கு 7.5 லட்சம் மட்டும்தான் தெரியும், அவங்களும் பிடிக்கலை. கையில முழுச் சம்பளம், சந்தோஷம்தான். ஆனா மொத்தம் 13.5 லட்சம். நிலையான கழிவு 75,000 ஒரு தடவைதான் கிடைக்கும், அது போக 12.75 லட்சம். 12 லட்சத்தைத் தாண்டிட்டதால வரி 71,250, செஸ் சேர்த்து 74,100 ரூபாய். ரிட்டர்ன் போடும்போது மொத்தமா கட்டணும், வட்டியோட.

புது கம்பெனியில ஃபார்ம் 12பி கொடுத்திருந்தா மாசாமாசம் கொஞ்சம் கொஞ்சமா பிடிச்சிருப்பாங்க. அதை நிரப்ப பழைய சம்பளக் கணக்கு வேணும். ஃபார்ம் 16 வர்றதோ நிதியாண்டு முடிஞ்சு ஜூன் வாக்குல. நடுவுல அந்த விவரம் பேரோல்காரர்கிட்டதான் இருக்கும். பிஎஃப்லயும் இதே கதைதான். நீங்க வெளியேறின தேதியைப் பழைய கம்பெனி பதியலைன்னா பணத்தை மாத்தறது நின்னுடும். கடைசிப் பங்களிப்பு போய் ரெண்டு மாசம் ஆனா நீங்களே பதியலாம்தான், ஆனா ஒரு போன்ல முடியிற வேலைக்கு எதுக்குக் காத்திருக்கணும்?

கடைசி நாள் சாயங்காலம் ஆபீஸ் மெயில், டீம்ஸ் எல்லாம் பூட்டிடுவாங்க. அதுக்கு முன்னாடியே பே ஸ்லிப்பை இறக்கி வச்சுக்கோங்க, ஆளுங்களோட சொந்த நம்பரை வாங்கிக்கோங்க. அதுக்காக கஸ்டமர் லிஸ்ட்டை உங்க ஜிமெயிலுக்கு அனுப்பிடாதீங்க, அது பெரிய வில்லங்கம்.

"வேலை மாறின அப்புறமும் பேசினா ஐஸ் வைக்கிற மாதிரி இருக்காதா சார்?"னு கேட்கறீங்க. ரெண்டு வருஷம் கழிச்சு திடீர்னு "ஹாய் அண்ணா, ஒரு ரெஃபரல் வேணும்"னு வர்ற மெசேஜ்தான் அப்படி இருக்கும். கேட்க ஒண்ணும் இல்லாதப்போ பேசுங்க. உங்க புது ஆபீஸ்ல ஆள் எடுத்தா பழைய டீம் ஜூனியர் கிட்ட முதல்ல சொல்லுங்க. (ரெஃபரல் போனஸ் வந்தா அதுவும் சம்பளக் கணக்குலதான் வரும், வரி உண்டு!)

இதை நான் பட்டுத்தான் கத்துக்கிட்டேன். மூணாவது வேலைக்குப் போனப்போ என் முதல் கம்பெனியோட பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன் இழுத்துக்கிட்டே போச்சு. மெயிலுக்குப் பதிலே இல்ல. கடைசியா அங்க அட்மின் பார்த்த அண்ணாவுக்குக் கூச்சத்தோட போன் பண்ணேன். அன்னிக்கு சாயங்காலமே முடிச்சுக் கொடுத்துட்டார். போனை வைக்கிறதுக்கு முன்னாடி, "பாப்பா கல்யாணத்துக்கு உன் நம்பர் தேடினேன்பா, யார்கிட்டயும் இல்ல"ன்னார். கல்யாணம் முடிஞ்சு அப்போ எட்டு மாசம் ஆயிருந்தது.