குழந்தையின் பாலில் விழுந்த விஷம்

"அணு உலை சமாசாரமெல்லாம் நமக்கு எதுக்கு? அது விஞ்ஞானிகள் பாடு" என்றுதான் நம்மில் பலர் பேப்பரைப் புரட்டிவிடுகிறோம். பள்ளிப் படிப்போடு நின்றுவிட்ட நான் விஞ்ஞானத்தை என்ன கண்டேன்? ஆனால் செர்னோபில் விபத்தைப் பற்றிப் படிக்கப் படிக்க, உலையில் பிடித்த நெருப்பு கடைசியில் வந்து சுட்டது அடுப்படியில் நின்ற தாய்மார்களைத்தான் என்று புரிந்தது. அதனால்தான் சகோதரிகளே, இந்த முறை சமையலையும் கைவைத்தியத்தையும் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

1986 ஏப்ரல் 26, சனிக்கிழமை. நடுநிசி தாண்டி மணி 1.23. அன்று சோவியத் யூனியனில் சேர்ந்திருந்த உக்ரைனில், செர்னோபில் அணுமின் நிலையத்தின் நாலாவது உலை வெடித்தது. வெடிவிபத்தில் இரண்டு ஊழியர்கள் மாண்டார்கள். தீயை அணைக்க ஓடியவர்களுக்கு அது எப்பேர்ப்பட்ட தீ என்று தெரியாது. கதிரியக்கம் தாக்கி, அவர்களிலும் உலை ஊழியர்களிலுமாக 28 பேர் அடுத்த சில மாதங்களுக்குள் போய்ச் சேர்ந்தார்கள்.

கூப்பிடு தூரத்தில் இருந்தது பிரிப்யாத் நகரம். ஏறக்குறைய 49,000 பேர். பெரும்பாலும் கைக்குழந்தைக்காரிகளும் இளம் தம்பதிகளும். சனிக்கிழமை முழுக்கப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள், தெருவில் விளையாடினார்கள். யாரும் தடுக்கவில்லை. மறுநாள் மத்தியானம்தான் வரிசையாக பஸ்கள் வந்தன. "சில நாளில் திரும்பிவிடலாம்" என்ற நம்பிக்கையில், கொஞ்சம் துணிமணியோடு வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினார்கள். அந்த வீடுகளுக்கு அவர்கள் மறுபடி குடிவரவே இல்லை.

இனிதான் நமக்கான விஷயம். உலையிலிருந்து காற்றில் பறந்தவற்றில் கதிரியக்க அயோடினும் ஒன்று. அது புல்லில் படிந்தது. புல்லை மாடு மேய்ந்தது. மாட்டின் பாலை அம்மா காய்ச்சி, ஆற்றி, குழந்தைக்குக் கொடுத்தாள். பாலில் நிறம் மாறவில்லை, வாசனை மாறவில்லை. காய்ச்சினால் போகிற விஷமும் இல்லை அது. நம் கழுத்தில் இருக்கும் தைராய்டு சுரப்பிக்கு அயோடின் வேண்டும். நல்லது எது, கெட்டது எது என்று அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. குழந்தையின் சுரப்பியோ மிகச் சிறியது. போதாக்குறைக்கு, அந்தப் பக்கத்துச் சாப்பாட்டிலேயே அயோடின் குறைவு. ஏங்கிக் கிடந்த சுரப்பி கிடைத்ததை அப்படியே இழுத்துக்கொண்டது.

விளைவு சில வருஷம் கழித்துத் தெரிந்தது. உக்ரைன், பெலாரஸ், ரஷ்யா ஆகிய இடங்களில் அன்று சிறுவர் சிறுமியராக இருந்தவர்களில், 2005-க்குள் 6,000-க்கும் மேற்பட்டோருக்குத் தைராய்டு புற்றுநோய் கண்டது. அதில் பெரும்பங்குக்கு அந்தப் பாலே காரணம் என்கிறார்கள் நிபுணர்கள். வைத்தியத்தால் பெரும்பாலோர் பிழைத்தார்கள் என்பது ஆறுதல். ஆனால் சுரப்பியை எடுத்துவிட்டால் ஆயுசு பூரா மாத்திரைதான். ஆபரேஷன் தழும்புக்கு அங்கே 'செர்னோபில் நெக்லஸ்' என்று பெயர். நகை போடுகிற வயசில் அந்தப் பெண்களுக்குக் கிடைத்த நகையைப் பார்த்தீர்களா?

இத்தனைக்கும் இந்தக் கதிரியக்க அயோடினின் வீரியம் 8 நாளைக்கு ஒரு தரம் பாதியாகிவிடும். இரண்டு மூன்று மாதம் புதுப்பாலை நிறுத்திவிட்டுப் பழைய பால் பவுடரைக் கரைத்துக் கொடுத்திருந்தால் போதுமே! இது அப்போது தெரியாத ரகசியமும் இல்லை. 1957-ல் இங்கிலாந்தின் விண்ட்ஸ்கேல் உலையில் தீப்பிடித்தபோது, சுற்றுவட்டாரப் பாலை வாரக்கணக்கில் கீழே கொட்டினார்கள். 1986-லேயே பக்கத்து நாடான போலந்து, விபத்து நடந்த நாலாம் நாளே ஆரம்பித்து, ஒரு கோடிக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு அயோடின் மருந்து கொடுத்தது. சோவியத் அரசோ ஸ்வீடன் கண்டுபிடித்துக் கேட்ட பிறகுதான், 28-ந் தேதி ராத்திரி, நாலு வரி அறிவிப்பு விட்டது.

சரியான தகவல் வராத இடத்தில் பீதி வந்து உட்காரும். தூரத்துக் கிரீஸ் நாட்டில், குழந்தை ஊனமாகப் பிறக்குமோ என்று பயந்து, ஆசையாய்ச் சுமந்த கர்ப்பத்தை எத்தனையோ பெண்கள் கலைத்துக்கொண்டார்கள். அங்கே படிந்த அளவு அப்படிப் பயப்படும்படியானதே அல்ல. சொல்லாததும் கொல்லும், தப்பாய்ச் சொன்னதும் கொல்லும்.

நம் கல்பாக்கத்திலும் கூடங்குளத்திலும் அணுமின் நிலையங்கள் இருக்கின்றன. உங்களைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. இப்படி ஒரு ஆபத்தில் என்ன செய்வது என்று வீட்டுப் பெண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அறிவிப்பு வந்தால் குழந்தைகளை உள்ளே அழைத்துக் கதவு, ஜன்னலைச் சாத்துங்கள். சொல்கிறவரை புதுப்பால், வெளியே விளைந்த கீரை, காய் வேண்டாம். அயோடின் மாத்திரையை அதிகாரிகள் சொல்லும்போது மட்டும், சொன்ன அளவில் கொடுங்கள். அது தைராய்டை மட்டும்தான் காக்கும். அயோடின் உப்பை அள்ளிப் போடுவதோ, காயத்துக்குத் தடவும் டிங்சரைக் குடிப்பதோ கூடவே கூடாது.

அந்தப் பகுதிகளில் இருப்பவர்கள் ஒத்திகை நடந்தால் "வேலை கிடக்கு" என்று ஒதுங்காமல் போய் நில்லுங்கள். வாய்விட்டுக் கேளுங்கள். பிள்ளைக்கு என்ன புகட்டுகிறோம் என்று தெரிந்துகொள்கிற உரிமை பெற்றவளுக்கு இல்லாமல் வேறு யாருக்கு?