கல்லாவை எண்ணினால் மட்டும் போதுமா?

வணிகர் இருவர் சந்தித்தால் முன்பெல்லாம் மார்க்கெட் நிலவரம் பேசுவோம். இப்போது, "உங்களுக்குச் சுகர் எவ்வளவு?" என்பதே முதல் கேள்வி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான ஆய்வு, நாட்டில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10 கோடி பேர் என்றது. உட்கார்ந்தே தொழில் செய்யும் நாம் அந்தக் கணக்கில் சேராமல் இருப்போமா?

சர்க்கரை நோயாளிகளின் உயிரைப் பெரும்பாலும் பறிப்பவை இதய, இரத்தக்குழாய் நோய்களே. நரம்பு மரத்துப்போன சிலருக்கு நெஞ்சுவலி தெரியாமலேயே மாரடைப்பு வந்துவிடும். உடம்பு சொல்லாததை இரத்தத்தைக் கேட்டுத்தான் அறிய வேண்டும். நாமோ சர்க்கரை ஒன்றை மட்டும் பார்த்துத் திருப்தி அடைகிறோம்.

காலையில் வெறும் வயிற்றில் பார்க்கும் சர்க்கரை, அன்றைய கல்லா இருப்பு போன்றது. அதை வைத்து வியாபாரம் லாபமா நஷ்டமா என்று யாராவது சொல்வார்களா? இரண்டு நாள் இனிப்பை ஒதுக்கிவிட்டுப் போனால் அந்த எண் இறங்கிவிடும். 'ஹெச்பிஏ1சி' என்ற பரிசோதனையிடம் இது பலிக்காது. கடந்த மூன்று மாதச் சராசரியை அது காட்டிவிடும்.

அடுத்தது கொழுப்பு. 'எல்.டி.எல்.' இரத்தக்குழாயை அடைக்கும் கொழுப்பு, 'எச்.டி.எல்.' நல்ல கொழுப்பு எனப்படுவது. நல்லது குறைந்தும், 'டிரைகிளிசரைடு' கூடியும் இருப்பது இந்தியரிடம் அதிகம் காணப்படும் நிலை. லேப் சீட்டில் அச்சிட்ட 'நார்மல்' எல்லைக்குள் இருக்கிறது என்று பலர் நிம்மதியாகிறோம். அந்த எல்லை பொதுவானது. 2024இல் இந்திய இதயவியல் சங்கம் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, சர்க்கரை உள்ளவர்களுக்கு எல்.டி.எல். 70க்குக் கீழும், ஏற்கெனவே மாரடைப்பு கண்டவர்களுக்கு 55க்குக் கீழும் இருக்க வேண்டும். 'லிப்போபுரோட்டீன் ஏ' என்ற ஒன்றும் உண்டு. இது பரம்பரையாக வருவது. 50 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் ஆபத்து கூடும். ஆயுளில் ஒருமுறையாவது பார்த்து வைப்பது நலம்.

'வெறும் வயிற்றோடு போனால் கடை திறப்பது யார்?' என்ற சாக்கும் இனி செல்லாது. முதல் கொழுப்புப் பரிசோதனைக்குப் பட்டினி கட்டாயமில்லை என்று அதே வழிகாட்டுதல் சொல்கிறது. டிரைகிளிசரைடு மிகுந்திருந்தால் மட்டும் மறுபடி வெறும் வயிற்றில் பார்ப்பார்கள்.

இன்னொரு வழக்கத்தையும் கண்டிக்க வேண்டியிருக்கிறது. கொழுப்பு குறைந்ததும், டாக்டரைக் கேளாமல் மாத்திரையை நிறுத்திவிடுகிறோம். குறைந்ததே மாத்திரையால்தானே! பிரிட்டனிலும் அயர்லாந்திலும் இதய நோய் வராத 2,838 சர்க்கரை நோயாளிகளிடம் நடந்த 'கார்ட்ஸ்' ஆய்வு 2004இல் வெளியானது. அவர்கள் எல்.டி.எல். அளவு பெரிதாக உயர்ந்திருக்கவில்லை. அப்படியும், தினம் 10 மில்லிகிராம் அட்டோர்வாஸ்டாட்டின் உட்கொண்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 37 சதவீதம் குறைந்தன. மாத்திரை வேண்டுமா, எவ்வளவு என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும். பக்கத்துக் கடைக்காரர் முடிவு செய்ய வேண்டாம்.

நம் சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் இலவச முகாம் நடத்தி, விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்துச் சர்க்கரை மட்டும் பார்த்து அனுப்புகிறோம். போட்டோவுக்கு அது போதும். உறுப்பினரின் உயிருக்குப் போதாது. முகாம்களின் எண்ணிக்கையைக் குறைத்தாலும் பரவாயில்லை. நாற்பது வயது கடந்த உறுப்பினர்களுக்கும் அவர்தம் இல்லத்தரசிகளுக்கும் ஹெச்பிஏ1சி, கொழுப்பு வகைகள், சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின், சிறுநீரில் ஆல்புமின் ஆகியவற்றை ஆண்டுக்கு ஒருமுறை பார்க்க, உள்ளூர் லேப்களோடு பேசி மொத்த விலை பெற வேண்டும். மொத்தமாக வாங்கினால் விலை குறையும் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வருடம் தவறாமல் கடைக் கணக்கை ஆடிட்டரிடம் கொடுக்கிறோம். உடம்பின் கணக்கை மட்டும் ஏன் தள்ளிப்போட வேண்டும்? அடுத்த பொதுக்குழுவிலேயே இதைத் தீர்மானமாகக் கொண்டு வருவோம்.