தொடை எலும்பு முறிவு: கோடர் கேட்கும் கேள்வியைத் தாமதம் என்று சொல்லாதீங்க!

சென்னை, கோவை, திருச்சி... உங்கள் நண்பர் வட்டத்தில் ஒரு மெடிக்கல் கோடராவது இருப்பார். அமெரிக்க நோயாளியின் சார்ட்டைப் படித்து, நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய கோட் போடுவது அவர் வேலை. இன்ஷூரன்ஸ் க்ளெய்ம் அதை வைத்துத்தான் நகரும். "டேட்டா என்ட்ரி மாதிரிதானே?" என்று கேட்பவர்கள், தொடை எலும்பு முறிவுக்கு கோட் போடுவதை ஒருமுறை பார்க்க வேண்டும்.

ஒரு எலும்பு, இத்தனை கேள்விகள்

2015 அக்டோபர் 1 முதல் அமெரிக்காவில் நடைமுறையில் இருப்பது ஐசிடி-10-சிஎம். இதில், அடிபட்டு தொடை எலும்பு முறிந்தால் எஸ்72 என்று தொடங்கும் ஏழு இலக்க கோட். முறிந்தது எலும்பின் கழுத்தா, நடுத்தண்டா, முழங்கால் பக்கமா? குறுக்கே முறிந்ததா, நொறுங்கியதா? விலகியிருக்கிறதா? வலதா, இடதா? தோல் கிழிந்த திறந்த முறிவா? குணமாகும் கட்டமா? எல்லாவற்றுக்கும் சார்ட்டில் பதில் வேண்டும்.

டாக்டர் எழுதாவிட்டால்? 'மூடிய முறிவு', 'விலகிய முறிவு' என்று எடுத்துக்கொள்ளச் சொல்கிறது விதி. கோட் கிடைத்துவிடும், க்ளெய்மும் போய்விடும். ஆனால், எல்லா இடைவெளியையும் இப்படி விதியால் நிரப்பிவிட முடியாது.

எஸ்72-ஆ, எம்80-ஆ?

75 வயது பாட்டி ஒருவர் வீட்டுக்குள்ளேயே வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிகிறது என்று வையுங்கள். அவருக்கு எலும்புப்புரை, அதாவது ஆஸ்டியோபோரோசிஸ் இருப்பது தெரிந்து, ஆரோக்கியமான எலும்பு அந்தச் சின்ன விழுதலில் முறிந்திருக்காது என்றால், எஸ்72 போடக் கூடாது. எம்80 வரிசைக்குப் போக வேண்டும்.

ஆனால் டாக்டர் குறிப்பில் 'விழுந்தார், முறிந்தது' என்று மட்டும்தான் இருக்கிறது. மருந்துப் பட்டியலில் எலும்புப்புரை மாத்திரை இருக்கிறதே என்று கோடர் தானாக முடிவெடுக்க முடியாது. டாக்டருக்கு 'கொயரி' அனுப்ப வேண்டும். அதிலும் "எலும்புப்புரைதானே?" என்று பதிலைத் திணிக்கக் கூடாது. சார்ட்டில் உள்ள தகவலைக் காட்டி, முறிவுக்குக் காரணம் என்ன என்று கேட்க வேண்டும்.

கேட்காமல் விட்டால், ரெக்கார்டில் அது வெறும் விபத்து. எலும்பு ஏன் இவ்வளவு பலவீனமானது என்பது அடுத்த டாக்டரின் கண்ணில் படாமலே போகலாம். எலும்புப்புரைக்குச் சிகிச்சை இருக்கிறது. ஏற்கெனவே ஒருமுறை முறிந்தவருக்கு மறுபடி முறியும் ஆபத்தும் அதிகம்.

டார்கெட் மட்டும் போதுமா?

கொயரி போட்டால் சார்ட் 'ஹோல்டு'க்குப் போகும். அன்றைய புரொடக்‌ஷன் குறையும். "இருக்கிறதை வச்சு முடிங்க" என்று சொல்லத் தோன்றுவது இயல்புதான். க்ளெய்ம் தாமதமானால் மருத்துவமனைக்கு நஷ்டம் என்பதும் நிஜம். அதற்காக, தேவையான கேள்வி கேட்ட கோடரின் மார்க்கைக் குறைப்பது நியாயமில்லை. நல்ல கொயரியையும் டார்கெட்டில் சேர்த்து எண்ணலாமே. டாக்டர்கள் பக்கமும் ஒரு வேலை இருக்கிறது: முறிவு எப்படி, எதனால் என்று குறிப்பில் ஒரு வரி கூடுதலாக எழுதினால் பாதி கொயரிக்குத் தேவையே இருக்காது.

சார்ட்டை எத்தனை நிமிடத்தில் முடித்தோம் என்பது அந்தப் பாட்டிக்குத் தெரியப்போவதில்லை. அவர் இன்னொரு முறை விழும்போது எலும்பு தாங்குமா என்பதுதான் அவருக்கு முக்கியம்.