தோழிக்கு மட்டும் தெரிந்த தழும்பு



சிவகாசி வட்டாரத்தில் கையில் தழும்பிருந்தால் எவரும் காரணம் வினவுவதில்லை. பட்டாசு மருந்து சுட்டிருக்கும் என்றெண்ணிக் கடந்துவிடுவர். மனத்துயர் தாளாது தன்னுடலைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் பிள்ளைக்கு இதுவே திரையாகிறது. மாணவி ஒருத்தி (அவள் இசைவுடனே எழுதுகிறேன்) அதனை ஒரே தோழியிடம் சொல்லியிருந்தாள். தோழிக்கும் அதே பழக்கம்.

ஏளனமின்றிக் கேட்ட அச்செவி அவளைத் தேற்றியது உண்மை. போதிக்கவே பழகிய எம்போன்ற குருக்களால் அது இயன்றிராது. ஆயினும், “யாரிடமும் சொல்லலாகாது” என்று இருவரும் செய்துகொண்ட சத்தியமே ஆபத்தாயிற்று. ஒருத்தி சோர்ந்த நாளில் மற்றவளும் சோர்ந்தாள், தாங்குவார் இல்லை.

சென்னையில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-இல் நிறுவிய சிநேகாவில் செவிமடுக்கும் தொண்டர்களும் நம்மைப் போன்றோரே. எனினும் பயிற்சி பெற்றவர்கள், தனித்து விடப்படாதவர்கள். 2022-இல் அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையில், 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் தமிழில் பேசலாம், கட்டணமில்லை.

பெற்றோரே, தழும்பைக் கண்டு அலறாதீர்கள், அடிக்காதீர்கள். தோழிகளைப் பிரிக்கவும் வேண்டாம். அம்மாணவியின் தாய், “ரொம்ப வலிக்குதாம்மா?” என்று மட்டுமே கேட்டார். இப்போது இருவரையும் அவரே விருதுநகர் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்கிறார்.